நான்காவது நாற்காலி

வேதசிரோமணி கம்பெனிக்குத் தர வேண்டிய கடன் நாற்பத்தாறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். மனைவி பியூலாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம் வாங்கியது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்ததெல்லாம் வட்டிக்கே சரியாகப் போயிற்று. முதல் மட்டும், வந்த வீட்டை விட்டுக் கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடன் தீரும் வரை வேலையை விட்டுப் போகக் கூடாது, நிற்கிற மெஷினை விட்டு வேறு மெஷினுக்கு மாறவும் கூடாது என்பது கம்பெனி விதி. அவர் நின்றது தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற நாலாம் நம்பர் பிரஸ்ஸில்.

பொழிச்சலூரில் இருட்டோடு எழுந்து, தாம்பரத்தில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, மறைமலை நகரில் இறங்கினால், கார் கதவுக்கு உள்ளே யார் கண்ணுக்கும் படாமல் இருக்கப்போகிற ஒரு தகட்டைச் சாயங்காலம் வரை அடிக்க வேண்டும். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இடி மாதிரி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் ஒரு கையும் அச்சுக்கு அடியில் இருக்காது அல்லவா, அதற்காக அதைச் செய்தவன் வைத்த ஏற்பாடு. அவன் நல்லவன். ஆனால் அவனுக்கு டார்கெட் என்று ஒன்று இருப்பது தெரியாது.

டார்கெட் ஏறும்போது, பிரஸ்கள் வரிசையாக நிற்கிற அந்த ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினபடி வைத்து, அதன் இடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். பிறகு ஒரு கையால் அழுத்தலாம், மறு கையால் தகடு வைக்கலாம். வேலை ஒன்றரை மடங்கு வேகமாகும். கட்டையை யார் செருகுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. டீ குடிக்கப் போகும்போது இருக்காது, திரும்பி வந்தால் இருக்கும்.

அந்த இடிக்குப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றதில் வேதசிரோமணிக்கு வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதில் பாதி மிச்சம். பிரஸ் ஷாப்பில் இதை யாரும் குறையென்று எண்ணவில்லை. நகக்கண்ணில் கிரீஸ் ஏறுகிற மாதிரி காதில் சத்தம் ஏறிவிட்டது, அவ்வளவுதான். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார். பிடிபடாத இடத்தில் தலையை ஆட்டிவிடுவார். தலையாட்டுகிறவர் என்பதால் மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. பழைய ஆட்கள் எல்லோரையும் போல அவரும் மெஷின் சத்தத்தைப் பாதத்தால்தான் கேட்டார். தரை அதிர்கிற விதத்திலேயே எது ஓடுகிறது, எது நின்றது, எதில் கட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 'எல்லோரும் நம்மவர்' திட்டம் வந்தது.

தகடு வாங்குகிற கடல் தாண்டிய கம்பெனி ஒரு கடிதம் போட்டிருந்தது. பலவிதமான மனிதர்கள் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் யோசனை கூடுகிறது, தப்பு குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஆகவே இனிமேல் அப்படிப்பட்ட குழு இருக்கிற இடத்தில்தான் தகடு வாங்குவோம், தை மாதம் நேரில் வந்து பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி பதறிப்போய் முதல் மாடியில் ஒரு கண்ணாடி அறை கட்டியது. அறைக்குள் சத்தம் நுழையாது. நடுவில் நான்கு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பித்தளைத் தகட்டில் எழுத்து: பெண், வெளி மாநிலத்தவர், திருநங்கை, மாற்றுத்திறனாளி.

'பெண்' நாற்காலிக்கு பேக்கிங்கில் இருந்த தபீதாளைத் தூக்கி வந்தார்கள். வெளி மாநிலத்தவர் ஒடிசாக்காரர். அவர் பாஷை தெரிந்த ஒருவரும் அலுவலகத்தில் இல்லாததால், அவர் சொன்னதையெல்லாம் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்த ஸ்நேகா குரோம்பேட்டையிலிருந்து வருகிற திருநங்கை, மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். விருந்தினருக்குப் பூங்கொத்துக் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். குழு மழைக்காலம் முழுக்கக் கூடியது. முடிவு வரும் வரை தண்ணீரைக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும்படி ஸ்நேகா அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டார்.

திட்டத்துக்குப் பொறுப்பு மனிதவள அதிகாரி சின்மயி. திருவான்மியூரிலிருந்து காரில் வருவார், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார், கெட்ட எண்ணம் கிடையாது. தொடக்க விழாவில் ஆலைத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் பேசினார்.

"ஒரு டீம்ல எல்லா மாதிரி ஆளும் இருந்தா எல்லா மாதிரி ஐடியாவும் வரும். ஐடியா வர்றது நல்ல விஷயம். ஆனா வந்த உடனே அது வாய் வழியா வெளியில வரணும்னு அவசியம் இல்ல. உள்ளேயே இருக்கட்டும். அதுக்குப் பேர்தான் இன்க்ளூஷன்."

கை தட்டினார்கள். வேதசிரோமணி தலையை ஆட்டினார்.

நான்காவது நாற்காலிக்குத்தான் ஆள் அமையவில்லை. பெருங்களத்தூரிலிருந்து ஜோனத்தான் என்பவர் விண்ணப்பித்திருந்தார். போலியோவில் இரண்டு காலும் சூம்பியவர், ஆனால் தகட்டைப் பரிசோதிக்கிற வேலையில் அனுபவம் உள்ளவர். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். நேர்காணல் கண்ணாடி அறையில். கண்ணாடி அறை மாடியில். மாடிக்குப் படிக்கட்டு மட்டும்தான். சரக்கு ஏற்றும் லிஃப்ட் ஒன்று உண்டு, அதில் ஆட்கள் ஏறக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. அவரைச் சரக்காகப் பதிவு செய்து மேலே கொண்டுவரலாமா என்று ஸ்டோர்ஸில் கேட்டார்கள். சரக்கென்றால் எடை போட வேண்டும், எங்கிருந்து வந்தது என்று பில் வேண்டும், திருப்பி அனுப்புவதானால் அதற்குத் தனி சீட்டு வேண்டும் என்று ஸ்டோர்ஸ் சொல்லிவிட்டது.

சின்மயி படியின் மேல்முனையில் நின்று கீழே பார்த்துச் சிரித்தார். "எங்க டோர் எப்பவும் உங்களுக்காக ஓப்பனா இருக்கு சார். நீங்க வர வேண்டியதுதான்."

ஜோனத்தான் சாப்பாட்டு நேரம் வரை அந்தத் திறந்த கதவைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியைத் திருப்பினார். விண்ணப்பதாரர் மேலே வர ஆர்வம் காட்டவில்லை என்று கோப்பில் எழுதினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் ஸ்ரீநிவாசராகவன் பிரஸ் ஷாப்புக்கே இறங்கி வந்தார். அவர் அங்கே வருவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"வெளியிலிருந்து எடுத்தா அவங்களுக்கும் சிரமம், நமக்கும் சிரமம்," என்றார். "படிக்கட்ட மாத்தணும், பாத்ரூம மாத்தணும். நம்ம கம்பெனிய ஏற்கெனவே தெரிஞ்ச, கால் நல்லா இருக்கிற, படி ஏறக்கூடிய ஒரு மாற்றுத்திறனாளி நமக்குள்ளேயிருந்தே வந்தா எவ்வளவு நல்லா இருக்கும். நான் யாரையும் ஃபோர்ஸ் பண்ணல. வாய்ப்பு உங்க எல்லார் கையிலயும் இருக்கு."

போகும்போது எல்லோருடைய கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு டார்கெட் ஏறியது. அன்றைக்கே நாலாம் நம்பர் பிரஸ்ஸில் கட்டையும் வந்து உட்கார்ந்தது. வேதசிரோமணி அதைப் பிடுங்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். டீக்குப் போய்வந்தால் புதுக் கட்டை. அதையும் பிடுங்கினார். இப்படியே தினமும் நடந்தது. மற்ற மெஷின்களில் கட்டை வரும், போகும். நாலாம் நம்பரில் மட்டும் அது முளைத்துக்கொண்டே இருந்தது. வீட்டில் பியூலா அவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டாள். எந்தக் கடையில் இவ்வளவு நல்ல விறகு கிடைக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். அவர் காதில் விழவில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள். அவருக்குக் கேட்டிருந்தது.

ஷாப்பில் வேறு சில ஏற்பாடுகளும் நடந்தன. காலியாகவே தொங்கிக்கொண்டிருந்த முதலுதவிப் பெட்டியில் புதிதாகப் பஞ்சு வைத்தார்கள். எப்போதும் இல்லாத ஆம்புலன்ஸ் ஒன்று வேப்பமரத்தடியில் வந்து நின்றது, டிரைவர் அதிலேயே தூங்கினார். சின்மயியின் அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் பிரஸ் ஷாப்பில் மட்டும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். கேள்வி ஒன்றுதான்: இடது கையால் கையெழுத்துப் போட வருமா? வராது என்றவர்களுக்குப் பழகிக்கொள்ளக் கோடு போட்ட தாள் கொடுத்தார்.

சூப்பர்வைசர் பத்ரி ஒரு நாள் வேதசிரோமணியின் இடது பக்கமாக வந்து நின்றான். காது கேட்கிற பக்கம் எது என்று அவனுக்குத் தெரியும். அவன் முகம் சரியாக இல்லை.

"வேதம் அண்ணா, உங்களுக்கு எவ்ளோ கடன் நிக்குது?"

வேதசிரோமணி சொன்னார்.

"அந்த நாலு நாற்காலில உக்கார்றவங்களுக்குக் கடன மொத்தமா தள்ளுபடி பண்றாங்களாம். ஆர்டர் வந்திருக்கு. ஷாப்லயே உங்களுதுதான் பெரிய கடன். சின்மயி மேடம் உங்கள நெனச்சு ரொம்ப வருத்தப்பட்டாங்க." பத்ரி சுற்றிப் பார்த்தான். "கட்டைய ஏன்ணா சும்மா சும்மா எடுக்கறீங்க? நான் மேல பதில் சொல்ல வேண்டியதா இருக்கு."

"எடுக்கலன்னா கை பூடும் தம்பி."

பத்ரி சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, சீவிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு போனான்.

கண்ணாடி அறையில் விருந்தினர் வராத நாட்களில் மூன்று பேரும் உட்காரக் கூடாது, நாற்காலி அழுக்காகிவிடும். ஆகவே அவர்கள் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் வேதசிரோமணியும் அங்கே சேர்ந்துகொண்டார். தபீதாளின் கருவாட்டுக் குழம்புக்கு ஒடிசாக்காரர் அடிமை. அவர் பெயர் சுதாம் என்பதும், அவருடைய தம்பிக்கு வேறோர் ஊரில் இதே மாதிரி பிரஸ்ஸில் நான்கு விரல் போனதும் அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் தெரியவந்தது. அவர் பாஷை யாருக்கும் தெரியாது. தம்பியின் படத்தைப் போனில் காட்டி, தன் விரல்களை மடக்கிக் காட்டினார், போதுமானதாக இருந்தது. பலவிதமான மனிதர்கள் சேர்ந்தால் யோசனை கூடும் என்று கடல் தாண்டி எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. என்ன, அது கண்ணாடி அறைக்குள் நடக்காமல் அதற்கு நேர் கீழே நடந்தது.

வேதசிரோமணி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். தபீதாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"இன்னாண்ணா நீ. அந்த நாற்காலிக்கு இன்னாத்துக்குக் கைய குடுக்கணும்? அதான் காத எப்பவோ குட்த்துட்டியே."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்நேகாவுக்குத்தான் சட்டம் தெரியும். காது கேளாமையும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள் என்று அவர் சொன்னார். அவரே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு இரண்டு மூன்று தடவை தூக்கிய வேதசிரோமணி, வலது காதுக்கு ரொம்ப நேரம் கையைத் தூக்காமல் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் காதுக்குச் சோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தார். முடிந்துவிட்டது என்று சொன்னபோதுதான் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

சான்றிதழை சின்மயி இரண்டு தடவை படித்தார். அவர் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் குறைந்தது.

"ஆனா இது போட்டோல தெரியாதே அண்ணா."

ஸ்ரீநிவாசராகவனுக்கு வேறு கவலை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, சின்மயியிடம்தான் பேசினார். வேதசிரோமணிக்குக் கேட்காது என்று கையில் காகிதமே இருந்ததால் அவர் எதிரிலேயே பேசினார். உதட்டைப் படிக்கிற பழக்கம் சான்றிதழில் எழுதப்படுவதில்லை.

"கை போச்சுன்னா அது ஆக்சிடென்ட். ஒரு நாள் நடக்கும், இன்சூரன்ஸ் இருக்கு, நாமளே பூச்செண்டு வாங்கிட்டுப் போய்ப் பாக்கலாம். காது போறது ஆக்சிடென்ட் இல்ல. அது தினம் நடந்திருக்கு. இவருக்குப் போச்சுன்னா ஷாப்ல மொத்தப் பேருக்கும் போயிருக்கும். மாற்றுத்திறனாளிய வேலைக்கு எடுத்தோம்னு காட்டணும்மா. வேலைக்கு எடுத்து மாற்றுத்திறனாளி ஆக்கினோம்னு காட்டக் கூடாது."

சின்மயி யோசித்தார். அவருக்கு உண்மையிலேயே வேதசிரோமணியின் மேல் இரக்கம் இருந்தது, அதனால் ஒரு வழியும் கிடைத்தது. காது பிறவியிலேயே கேட்காது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால்?

ஸ்ரீநிவாசராகவனின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா நாம இருபது வருஷத்துக்கு முன்னாடியே இன்க்ளூசிவ்."

எழுதிக் கொடுத்தால் கடன் தள்ளுபடி, நாலாம் நம்பரிலிருந்து விடுதலை, கண்ணாடி அறையில் நாற்காலி. எழுதாவிட்டால் அதே மெஷின், அதே கட்டை. பியூலா அவரைக் கல்யாணம் கட்டிய புதிதில் சர்ச் கொயரில் அவர்தான் கீழ்க்குரல் பாடியவர். வேதசிரோமணி பேனாவை வாங்கினார். தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன. பிறவியிலேயே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போட்டோ பிரச்சினையையும் சின்மயியே தீர்த்தார். எங்கிருந்தோ பெரிய காது மெஷின் ஒன்று வரவழைத்தார், பழைய காலத்தில் சட்டையில் மாட்டுகிற மாதிரி, ஒயரோடு. பேட்டரி போட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

படிக்கட்டுக்கு அடியில் வேதசிரோமணி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது தபீதாள் அவர் தட்டில் ஒரு துண்டு கருவாட்டை வைத்தாள். "வுடுண்ணா. கை கீது இல்ல. காகிதத்துல இன்னா எழுதுனா இன்னா."

"நாலாம் நம்பர்ல இனிமே யாரு நிப்பாங்கோ?"

"எவனாச்சும் நிப்பான். உனுக்கு எதுக்கு அந்தப் பேஜார்?" என்றாள்.

விருந்தினர் வரும் நாளன்று காலையில் பழக்கத்தில் அவர் நேராக நாலாம் நம்பருக்குத்தான் போனார். கட்டை இருந்தது. பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மாடிக்குப் போனார். ஒயரை மாட்டி, நான்காவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுதாம் வந்தார், ஸ்நேகா பூங்கொத்தோடு வந்தார். 'பெண்' நாற்காலியில் மட்டும் பட்டுப் புடவையோடு சின்மயி வந்து உட்கார்ந்தார்.

தபீதாள் எங்கே என்று வேதசிரோமணி கேட்டார். சின்மயி அவர் முன்னால் குனிந்து, அது பேட்டரி இல்லாத காது என்பதை மறந்து, சட்டையில் மாட்டியிருந்த ஒயர்ப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். வந்தவர்களுக்குப் பெண்கள் மெஷின் ஓட்டுவதைப் பார்க்கத்தான் ஆசையாம். ஷாப்பில் பெண்ணே இல்லை. அதனால் நேற்றுச் சாயங்காலம் முடிவு பண்ணித் தபீதாளைக் கீழே அனுப்பியிருக்கிறார்கள்.

"நாலாம் நம்பர்தான் காலியா இருந்தது அண்ணா. பத்ரி பக்கத்துலயே இருக்கான். சொல்லிக்குடுப்பான்."

தபீதாள் அதுவரை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியவள். பிரஸ்ஸைத் தொட்டதில்லை.

விருந்தினர்கள் ஷாப்பைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தார்கள். ஸ்நேகா பூங்கொத்துக் கொடுத்தார். ஸ்ரீநிவாசராகவன் பேச ஆரம்பித்தார். இந்த நான்கு நாற்காலிகள் ஆரம்பம்தான், அடுத்த வருஷம் எட்டாக்குவோம், மாற்றுத்திறனாளிகள் மட்டும் மூன்று பேர், எல்லோரும் நமக்குள்ளிருந்தே வருவார்கள் என்று உறுதி சொன்னார். விருந்தினர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கண்ணாடி அறைக்குள் சத்தம் நுழையாது. ஆனால் தரைக்கு அது தெரியாது. வேதசிரோமணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை ஊன்றினார். நாலாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் நிதானமாக, இரண்டு கை வேகத்தில். பிறகு டீ நேரத்துக்கு நின்றது. மறுபடி ஆரம்பித்தபோது ஒன்றரை மடங்கு வேகம். அவர் பையில் கிடந்த கட்டை அங்கே இல்லை, வேறொன்று இருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார். ஸ்ரீநிவாசராகவன் பேச்சை நிறுத்தாமலேயே அவர் தோளில் அன்பாகக் கையை வைத்து அழுத்தினார். வேதசிரோமணி வாயைத் திறந்து ஏதோ சொன்னார். பிறவியிலேயே காது கேளாதவர் பேசுகிறாரே என்று விருந்தினர்கள் நெகிழ்ந்து கை தட்டினார்கள். சுதாம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட், தட், தட் என்று பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு ஏறவில்லை.

சாப்பாட்டு நேரம் இல்லை, ஷிப்ட் முடியும் நேரமும் இல்லை. ஒவ்வொன்றாக மற்ற மெஷின்களும் நின்றன. கண்ணாடிக்கு அப்பால், வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து வண்டியைக் கிளப்புவது தெரிந்தது. யாரோ ஐஸ் போட்ட ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்ரி ஷாப் வாசலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சின்மயியின் போன் மேஜையில் அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்த்தார், சிரிப்பு மாறாமல் கவிழ்த்து வைத்தார்.

எல்லோரையும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வேதசிரோமணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் எடுத்து முடிந்ததும் ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கச் சொன்னார்கள். இரண்டு கையாலும் வாங்கினார். நாற்பத்தாறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் அன்றைக்கே பைசல் ஆயிற்று.